ஆயத்தம் என்று சொல்லாமல் போனவர்

என் கணவர் ஞானமுத்துவின் நோய் ஒரு வாய் இட்லியில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பும் அவசரம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, ஏதோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். தண்ணீர் குடித்தார். அதுவும் திரும்பி வந்தது.

"ஆண்டவர் வர்றதுக்குள்ள தட்டைக் காலி பண்ணிடணும்னு முழுங்குனா அப்படித்தான்" என்று கேலி செய்தேன். அவரும் இருமிக்கொண்டே சிரித்தார். அந்தக் கேலியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

கேலிக்குக் காரணம் இருந்தது. அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் பாய்லர் பிரிவில் ஆட்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஒரு ஜெபக்கூட்டம் நடக்கும். அதற்கு ஆயத்தக் கூட்டம் என்று பெயர். கிறிஸ்து மறுபடியும் வருவார். என்றைக்கு, எந்த நேரத்தில் என்று யாருக்கும் தெரியாது. திருடன் வருகிற மாதிரி வருவார். ஆகையால் விழித்திருக்க வேண்டும். இதைத்தான் என் கணவர் பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாய்லர் தட்டும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

கூட்டம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து, "இன்னிக்கு ராத்திரி வந்தா?" என்று கேட்க வேண்டும். அவர், "ஆயத்தம்" என்று சொல்ல வேண்டும். மனதில் யார் மேலாவது கசப்போ, அறிக்கையிடாத பாவமோ இருந்தால் சொல்லக் கூடாது. முழங்காலில் நின்று அதைத் தீர்த்துவிட்டுத்தான் வாசல் தாண்டலாம். பட்டறையில் ஷிப்டு மாறும்போதும் எங்கள் ஆட்கள் சைக்கிளை நிறுத்தி இதைக் கேட்டுக்கொள்வார்கள். நான் பாதி வாரம் சொல்ல மாட்டேன். எங்கள் தலைமையாசிரியை அப்படிப்பட்டவர்.

என் கணவருக்குப் பிடித்த பிரசங்கம் ஒன்று உண்டு. அந்த நாளில் ஒரே படுக்கையில் இருவர் இருப்பார்கள், ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார், மற்றவர் விடப்படுவார் என்று வேதம் சொல்கிறதே, அது. அதைச் சொல்லும்போது புருஷன் பெண்சாதிகளை ஒவ்வொரு ஜோடியாகப் பார்ப்பார். பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். எல்லாரும் போன பிறகு நான் கேட்பேன், "நம்ம ரெண்டு பேர்ல யாருங்க?" என்று.

"ரெண்டு பேருமே போயிடுவோம், பயப்படாதே" என்பார்.

இட்லிக்குப் பிறகு சப்பாத்தி நெஞ்சில் நின்றது. பிறகு குழைந்த சோறு. மிளகு ரசம், சுக்கு, தேன் என்று நானும் கைவைத்தியம் பார்த்தேன். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்த பிறகுதான் டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்து காலை முழுக்கப் போகும். அவர் அந்தப் பெஞ்சுகளையும் விடவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கிறிஸ்துவின் வருகையைப் பற்றிப் பேசுவார். இருமல்காரர் ஒருவர், "டாக்டர் வருகையே தெரியலீங்க, இதுல அது வேறயா?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதலில் ஒரு படம் எடுத்தார்கள். சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி ஒரு மாவுக் கரைசலைக் குடிக்கச் சொல்லி, அது உள்ளே இறங்கும்போதே எக்ஸ்ரே எடுப்பது. பேரியம் என்று பெயர். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேலே விரல் அகலத்துக்கு இறங்கிய வெள்ளைக் கோடு நடுநெஞ்சில் நூலாக மெலிந்திருந்தது. அப்புறம் வாய்வழியாக ஒரு குழாயை விட்டு உள்ளே பார்த்து, துளி சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் பயாப்ஸி. பதில் வரும் வரைக்கும் நான் கோயிலிலும் பள்ளியிலும் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "உணவுக்குழாய்ல புத்துநோய் வந்திருக்கு. வெட்டி எடுக்க முடியாத இடம். வயித்துல சின்னதா துளை போட்டு ஒரு ரப்பர் குழாய் வைப்போம். அது வழியா பால், கஞ்சி ஊத்தலாம். பசியோட கஷ்டப்படாம பார்த்துக்கலாம்."

என் கணவர் கைகூப்பினார். "ரொம்ப நன்றிங்க டாக்டர். நான் ஆயத்தமாத்தான் இருக்கேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இந்த மனிதர் பெட்டி கட்டிவிட்டாரே என்று நினைத்தேன்.

குழாய் வைத்த பிறகு அதே ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டோம். எப்படி ஊற்றுவது என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். புனலைத் தூக்கிப் பிடித்து, வெதுவெதுப்பான பாலை மெல்ல விட வேண்டும். வேகமாக விட்டால் வயிறு வலிக்கும். கஞ்சியை வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். பசி அடங்கியது, ஆனால் நாக்கு ஏங்கியது. "இன்னிக்கு என்ன?" என்று ஆசையாகக் கேட்பார். நான் விரலில் ரசத்தைத் தொட்டு நாக்கில் வைப்பேன். கண்ணை மூடிச் சுவைத்துவிட்டுத் துணியில் துப்பிவிடுவார். "உப்பு கம்மி" என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

சாமுவேல் தினமும் பால் கொண்டுவந்தான். அவன் பட்டறையில் கொல்லுலை வேலை பார்ப்பவன், என் கணவர் கையால் சபைக்குள் வந்தவன். பொன்மலையிலிருந்து ஷிப்டுக்கு முன்பே சைக்கிள் மிதித்து வந்து, தூக்கை என்னிடம் கொடுத்து, "அண்ணன் தூங்கினாரா அக்கா?" என்று கேட்டு, அவர் காலைத் தொட்டுவிட்டுப் போவான்.

சனிக்கிழமைக் கூட்டமும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. பார்வை நேரத்தில் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அவர் குரல் அதற்குள் கம்மிப் போயிருந்தது. கட்டி குரல் நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். சாமுவேல் அவர் கையைப் பிடித்து, "அண்ணே, இன்னிக்கு ராத்திரி வந்தா?" என்பான். அவர் காற்றும் குரலுமாக, "ஆயத்தம்" என்பார். எல்லார் கண்ணிலும் நீர் வரும். அடுத்த வாரம் இன்னும் நாலு பேரை, "எங்க அண்ணன் விசுவாசத்தைப் பாருங்க" என்று கூட்டிக்கொண்டு வருவார்கள். நான் புனலைக் கழுவிக்கொண்டே பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை அவர்கள் போன பிறகு அவர் என் கையைப் பிடித்தார். கை சில்லென்று வியர்த்திருந்தது.

"சலோமி, அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடு."

"ஏங்க, களைப்பா இருக்கா?"

"பொய் சொல்ல முடியலை. எனக்குப் பயமா இருக்கு."

இருபது ஆண்களை அதட்டி வேலை வாங்கிய மனிதர். என்னால் நம்ப முடியவில்லை. ஆயத்தக் கூட்டத்துப் புத்தி எனக்குள்ளும் இருந்ததால் அந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்டேன். "மனசுல ஏதாவது இருக்காங்க? யார்கிட்டயாவது தீர்க்காதது?"

"அதெல்லாம் இல்லைம்மா. ஆண்டவர் மன்னிச்சுட்டார். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. போறதுக்குத்தான் பயம். நீ இல்லாத இடத்துக்கு நான் தனியா எப்படிப் போவேன்?" மூச்சு வாங்கினார். "ஒரே படுக்கையில ரெண்டு பேர்னு எத்தனை தடவை பேசியிருப்பேன். விடப்படுறவங்களுக்குத்தான் அழுகைன்னு நினைச்சுட்டிருந்தேனே."

அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

ஆண்கள் வார்டில் இரவு பெண்கள் தங்கக் கூடாது. விளக்கைக் குறைத்ததும் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். வராந்தாவில் பாய் போட்டுப் படுப்போம். அவருடைய பெரிய பயமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. "ராத்திரியில கூப்பிட்டுட்டா நீ வெளியில இருப்பே. பகல்ல வரட்டும்னு ஜெபம் பண்ணு" என்றார். நடுராத்திரியில் சத்தம் கேட்கும், விழித்திருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்! நான் ஒவ்வொரு இரவும் அந்த ஜெபத்தைச் செய்தேன். என் ஜெபங்களில் அப்படியே கேட்கப்பட்டது அது ஒன்றுதான்.

வராந்தாவில் என் பக்கத்துப் பாய்க்காரி ஸ்ரீரங்கத்து மாமி. அவள் கணவர் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைப்பவர். கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டி, ரணம் ஆறாமல் என் கணவருக்கு அடுத்த கட்டிலில் கிடந்தார். மாமி வாயாடி. நானும் சளைத்தவளில்லை. ஒரு நாள் மனசு தாங்காமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். சபையாரிடம் சொல்ல முடியாததை அவளிடம்தான் சொல்ல முடிந்தது.

மாமி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "பெருமாளைப் பத்தி எங்களவாள்ல ஒண்ணு சொல்லுவா டீச்சர். குரங்குக்குட்டிதான் தாயாரைக் கெட்டியாப் பிடிச்சிண்டு தொங்கணும். பூனைக்குட்டிக்கு அந்தப் பாடெல்லாம் கிடையாது. தாயார் வாயில கவ்விண்டு போயிடுவா. குட்டி என்ன ஆயத்தம் பண்ணிக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. இது வேறு வேதம், இதைக் கேட்பதே தப்போ என்றுகூட நினைத்தேன். ஆனால் மறுநாள் புனலைப் பிடித்துக்கொண்டே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் புனலைத் தாழ்த்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு, "தூக்கிட்டுப் போறப்போ குட்டி கத்துமா கத்தாதான்னு அந்தம்மாகிட்ட கேளு" என்றார்.

நான் போய்க் கேட்டதும் மாமி நேராகக் கட்டிலருகே வந்து நின்றுவிட்டாள். "கத்தாம என்ன? தெருவே கேக்கறாப்பல கத்தும். கத்தறதேன்னு கீழே போட்டுடுவாளா?"

என் கணவர் சிரித்தார். குரல் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அன்று முழுக்க முகம் தெளிவாக இருந்தது. பயம் அதோடு போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். மறுநாள் விடியற்காலையில் உள்ளே போனபோது, அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கம்பளியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

அந்த வாரம் போதகர் ராப்போஜனத்து அப்பமும் திராட்சரசமும் கொடுக்க வந்தார். சாமுவேலும் கூட வந்திருந்தான்; வர வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அப்பத்தை விழுங்க முடியாது என்று போதகரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் ஒரு துணுக்கைத் திராட்சரசத்தில் தோய்த்து நாக்கில் தொட வைத்தார். என் கணவர் அழுதார். போதகர் ஜெபித்து முடித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். சாமுவேல் பழக்கத்தில் கையைப் பிடித்துவிட்டான்.

"அண்ணே, இன்னிக்கு ராத்திரி வந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாமுவேலைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

சாமுவேல் முகம் வெளுத்துவிட்டது. இப்போதுதான் ராப்போஜனம் வாங்கியிருக்கிறார், வாங்கின வாயால் ஆயத்தம் இல்லை என்றால்? எங்கள் வழக்கத்தில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. நான் அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், "பாவம் ஒண்ணும் இல்லைடா தம்பி, பயம்டா, வெறும் பயம்" என்றேன்.

"அண்ணனுக்கா பயம்? இருக்காது அக்கா. ஏதோ மறைஞ்சு இருக்கு. நாங்க உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம்" என்றான்.

அவர்கள் நிஜமாகவே உபவாசம் இருந்தார்கள். அனலில் இரும்பு அடிக்கிற ஆட்கள், பட்டினியோடு உலை முன்னால் நின்றார்கள். அன்பினால்தான் செய்தார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பேச்சு கால் முளைத்து நடந்தது. ஞானமுத்து அண்ணனுக்கு மறைவான பாவம் என்று சபை முழுக்கக் கிசுகிசு. கட்டிலைச் சுற்றி யாரும் வரவில்லை. சாமுவேலும் மாடியில் இருந்த வார்டுக்கு ஏறி வரவில்லை. பால் தூக்கை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

"சாமுவேல் வரலையா?" என்று காலையில் கேட்பார்.

"ஷிப்டு மாத்திட்டாங்களாம்" என்பேன்.

அவர் முப்பது வருஷம் பட்டறையில் இருந்தவர். எந்த ஷிப்டு எப்போது மாறும் என்று அவருக்குத் தெரியாதா? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர் போனது பட்டப்பகலில். வார்டைப் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டீக்காரர் கெட்டிலோடு வாசலில் நின்று சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் கஞ்சியை ஊற்றப் புனலைத் தூக்கியபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினார். மூச்சு வேறு மாதிரி இருந்தது. புனலை வைத்துவிட்டுக் கையைப் பிடித்தேன்.

"விட்டுடாதே."

"விடலைங்க."

"தூங்கிடாதே."

"பட்டப்பகல்ல யாருங்க தூங்குவா?"

அவர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது என்றே நினைக்கிறேன். பிறகு கண்கள் அகன்றன. "பயமா இருக்கு, சலோமி" என்றார்.

"கத்துங்க. பரவாயில்லை. யார் கேட்டா என்ன, கத்துங்க" என்றேன்.

அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது என்னைப் பார்ப்பது நின்றுவிட்டது. ஸ்ரீரங்கத்து மாமிதான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தாள். நர்ஸ் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

பொன்மலைக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினோம். எங்கள் சபையில் அடக்க ஆராதனையில் போதகர் இறந்தவரின் கடைசி வார்த்தையைச் சொல்வது வழக்கம். ஜனங்கள் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போதகர் என்னிடம் வந்து குனிந்து, மெல்லக் கேட்டார். பின்னால் சாமுவேல் நின்றான். உபவாசத்தில் கண் குழி விழுந்திருந்தது. அவன் பொறுக்க மாட்டாமல் முந்திக்கொண்டான்.

"அக்கா, கடைசியில சொல்லிட்டார் இல்ல? ஆயத்தம்னு சொல்லிட்டார்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கிசுகிசு அன்றோடு செத்துவிடும். அவர் பெயர் பழையபடி நிற்கும். அந்தப் பையனும் சாப்பிடப் போவான். நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தார்கள். சாகிற நேரத்திலும் பொய் சொல்ல மறுத்த மனிதருக்காக நான் எப்படிப் பொய் சொல்வது?

"இல்லை" என்றேன். "பயமா இருக்குன்னார். கையை விடாதேன்னார். அதுதான் கடைசி வார்த்தை. சொல்றதா இருந்தா அதையே சொல்லுங்க பாஸ்டர்."

பெண்கள் வரிசையில் விசும்பல்கூட நின்றுவிட்டது. போதகர் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆராதனையில் அவர் அதைச் சொல்லவில்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று மட்டும் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சாமுவேல் கோயிலுக்குப் போகவில்லை, கல்லறைக்கும் வரவில்லை. அடக்கம் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, சடலம் கிடத்தியிருந்த இடத்தில் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகள் இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தான்.

"நிஜமாவே பயந்தாரா அக்கா?"

"ஆமாண்டா."

"அண்ணன் பயந்துகிட்டு மேல படுத்திருந்தப்போ, நான் பாலை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டேனே" என்றான். அந்த ராட்சசன் மாதிரி உடம்பு குழந்தை மாதிரி குலுங்கி அழுதது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கேட்பவர்களிடமெல்லாம் ஆயத்தம் என்று சொல்லிவிட்டு, பார்வை நேரம் முடிந்ததும் நடுங்குகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் புனலைக் கழுவிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். அவளுக்காக எழுதுகிறேன்.

கிறிஸ்து வருவார் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி வெகு காலமாகிறது. அவர் கேட்டால் அவரிடமே சொல்லிக்கொள்கிறேன், நான் ஆயத்தமில்லை, எனக்கும் பயம்தான் என்று. அதற்கு முன்னால் அவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அவர் வருகிற அன்றைக்கு வானமும் எக்காளமும் எப்படி இருந்தாலும், முதலில் இதைத்தான் கேட்பேன்: அந்தப் பகலில் என் விரல்களைப் பிரித்தெடுத்தார்களே ஆண்டவரே, நான் பிடித்திருந்த அந்தக் கையை உடனே நீர் பிடித்துக்கொண்டீரா?